பாவலர்

பாவலர்: பா இயற்ற வல்லவர். நாவலர் என்பது போல அமைந்த சொல். யாப்பறிந்த புலவரைக் குறித்த இச்சொல், 20-ஆம் நூற்றாண்டில் மேடைக்குப் பாட்டுக் கட்டியவர்களின் பட்டமாகவும் பரவியது.

1907-இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் பழைய பொருளுக்குச் சான்று. ‘கதரின் வெற்றி’ நாடகம் எழுதிய தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரோடு பட்டம் நாடக மேடை ஏறியது. ஆனால் தருமபுரி வட்டாரத் தெருக்கூத்தில் பாட்டும் அடவும் சொல்லித் தருபவரை வாத்தியார் என்பதே வழக்கம்.

இன்று பாவலர் என்றதும் பலர் நினைவுக்கு வருபவர் பண்ணைப்புரம் வரதராஜன் (இ. 1973). கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களுக்காகப் பாட்டுக் கட்டிப் பாடியவர், இளையராஜாவின் அண்ணன். ஊரே முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுத்து, அதில் விலைவாசியையும் கூலியையும் வைத்துப் பாடுவார். மெட்டு ஏற்கெனவே பழகியிருப்பதால் கேட்டவர்கள் பாட்டோடுதான் வீடு திரும்புவார்கள். தம்பி இளையராஜா சிறுவனாக இருந்தபோது குழுவில் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்தபின் ஆர்மோனியத்துக்கு மாறினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சி பெற்ற வெற்றியில் வரதராஜன் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்பர்; எவ்வளவு என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. பிறர் மெட்டில் சொல் அமைத்தவரைப் பாட்டின் கர்த்தா எனலாமா என்பதிலும் இரு கருத்துண்டு. கீர்த்தனை மரபின் வாக்கேயகாரருக்குச் சொல்லும் இசையும் இரண்டும் சொந்தம். மேடைப்பாட்டின் அளவுகோல் வேறு: கூட்டம் சேர்ந்து பாடியதா என்பதே அங்குக் கேள்வி.

தம்பியர் சென்னை வந்தபின் ‘பாவலர் பிரதர்ஸ்’ என்ற பெயரில் நாடகங்களுக்கு இசையமைத்தனர். ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தைத் தயாரித்த நிறுவனம் பாவலர் கிரியேஷன்ஸ். வரதராஜன் எழுதிய பாடலொன்று, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், ‘இதயக்கோயில்’ (1985) படத்தில் ஒலித்தது.

தனித்தமிழ் இயக்கத்தாரிடையே சொல் வேறு வழியில் வாழ்ந்தது. பழைய சேலம் மாவட்டத்தின் சமுத்திரத்தில் 1933-இல் பிறந்த பெருஞ்சித்திரனார், ‘பாவலரேறு’ எனப்பட்டார்.

திரைத்துறையில் இப்போது சொல்லுக்குப் பாடலாசிரியர், மெட்டுக்கு இசையமைப்பாளர் எனப் பெயர்கள் தனித்தனி. பாவலர் என்பது பெரும்பாலும் கவியரங்குகளிலும் தமிழ் அமைப்புகள் தரும் விருதுகளிலும் வழங்குகிறது.