இணையத்தில் பயணச்சீட்டு: கணினி மட்டும் இருந்தால் போதுமா?

கணினியும் இணைய இணைப்பும் வந்துவிட்டால் மக்கள் தானாகவே இணையத்தில் டிக்கெட் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது பொதுவான எண்ணம். ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. பணத்தை எப்படிக் கட்டுவது? டிக்கெட் எப்படிக் கைக்கு வரும்? இந்த இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை கண்டது.

முதலில் அமெரிக்கா. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய 'சேபர்' என்ற கணினி முன்பதிவு முறை 1960களிலேயே இயங்கியது. 1976 முதல் அதன் முனையங்கள் பயண முகவர்களின் அலுவலகங்களுக்கும் வந்தன. 1996-ல் டிராவலாசிட்டி, எக்ஸ்பீடியா தளங்கள் தொடங்கியபோது இருக்கைகளின் விவரம் ஏற்கெனவே கணினியில் தயாராக இருந்தது. மக்களின் பையில் கிரெடிட் கார்டும் இருந்தது. விமான நிறுவனங்களுக்கோ செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம். 1995-ல் முகவர் கமிஷனுக்கு உச்சவரம்பு விதித்தன. 2002-ல் பெரிய நிறுவனங்கள் அடிப்படைக் கமிஷனையே நிறுத்தின. பயணிக்கு வசதி, முகவருக்கு வருமான இழப்பு!

பிரான்சின் கதை இன்னும் பழையது. அங்கே 1982 முதல் நாடெங்கும் 'மினிடெல்' என்ற சிறு கருவியைத் தொலைபேசித் துறை இலவசமாகவே கொடுத்தது. அதில் ரயில் முன்பதிவும் செய்யலாம். சேவைக்கான கட்டணம் தொலைபேசி பில்லில் சேர்ந்து வந்துவிடும். கணினி வாங்கும் செலவே இல்லை. 2012-ல்தான் அது மூடப்பட்டது.

இப்படி அரசு தந்த கருவியும் இல்லாமல், கிரெடிட் கார்டும் பரவாமல் இருந்த நாடு என்ன செய்யும்? சீனாவின் சிட்ரிப் 1999-ல் ஷாங்காயில் தொடங்கியது. அதன் ஊழியர்கள் விமான நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் நின்று உறுப்பினர் அட்டைகளை விநியோகித்தார்கள். பயணி கால் சென்டருக்குப் போன் செய்வார். டிக்கெட்டைக் கொண்டுவருபவரிடம் ரொக்கமாகப் பணம் கொடுப்பார். பெயருக்கு இணைய நிறுவனம், நடைமுறையில் தொலைபேசியும் ரொக்கமும்தான்!

இந்தியாவிலும் இதே சிக்கல். 2000-ல் தொடங்கிய மேக்மைட்ரிப், முதலில் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களுக்கே டிக்கெட் விற்றது. கார்டும் இணையமும் அவர்களிடம் இருந்தன. உள்நாட்டுச் சந்தைக்கு அது 2005-ல்தான் வந்தது. ஐஆர்சிடிசி 2002 ஆகஸ்டில் இணைய முன்பதிவைத் தொடங்கியபோது டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது. நாளைக்கே ஊருக்குப் போக வேண்டியவருக்கு அதனால் என்ன பயன்? 2005-ல் இ-டிக்கெட் வந்த பிறகே அந்தத் தடை நீங்கியது. பணம் கட்டுவதில் இருந்த தடை, 2016-ல் யுபிஐ வந்த பிறகு பெருமளவு குறைந்தது. இன்று முன்பதிவு ரயில் டிக்கெட்டுகளில் பெரும்பகுதி இணையம் வழியாகவே விற்பனையாகிறது.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. கார்டும் நல்ல போனும் இல்லாத கூலித் தொழிலாளி கவுன்டர் வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் முகவருக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டும். அவர் வரிசையில் காத்திருக்கும்போதே இருக்கைகள் இணையத்தில் தீர்ந்துபோகலாம். வசதி உள்ளவருக்கு நேரமும் செலவும் மிச்சம். இல்லாதவருக்கு இரண்டும் கூடுதல். ஒரு நாட்டில் இணைய முன்பதிவு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளப்பவர்கள், விற்ற டிக்கெட்டுகளோடு அந்த வரிசையில் நிற்பவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.