வாடகைக் கப்பலும் பேரில்லாத நீர்மூழ்கியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம்.

1969-ல அமெரிக்கக் கடற்படை என்ஆர்-1னு ஒரு குட்டி நீர்மூழ்கியைக் கடல்ல இறக்குச்சு. அணுசக்தியில ஓடும். 700 மீட்டர் ஆழத்துல, கடல் தரையில சக்கரம் வச்சு நகரும். 1986-ல வெடிச்ச சேலஞ்சரின் பாகங்களைத் தேடவும் போச்சு. ஆனா வேகம்? மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர்! வேலை நடக்கிற இடம் வரைக்கும் இன்னொரு கப்பல் இழுத்துட்டுப் போகணும்.

1990-களின் நடுவுல இருந்து இழுத்தது போர்க்கப்பல் இல்லைங்க. கரோலின் ஷ்வெஸ்ட்னு ஒரு வாடகைக் கப்பல். லூசியானாவில எண்ணெய்க் கிணறுகளுக்குக் கப்பல் விடற தனியார் கம்பெனியோடது. ஆரம்பிச்சவர் இறால் பிடிச்சவர்! 1995-ல ஏஜியன் கடல்ல பிரிட்டானிக் கப்பலின் சிதைவை ஆராயப் போனதும் இந்த ஜோடிதான்.

ஏன் வாடகை? சொந்தமா வச்சா வேலை இல்லாத நாளும் ஆள், பராமரிப்புன்னு செலவு. வாடகைன்னா கப்பலோட அனுபவசாலி மாலுமிகளும் வந்துடுவாங்க.

யோசிச்சுப் பாருங்க. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், குளிக்க ஷவர்கூட கிடையாது. அவங்க வீடு திரும்பறது சாதாரண சிவிலியன்கள் பிடிச்ச கயித்துல.

2008-ல நீர்மூழ்கி ஓய்வு பெற்றது. அதோட பாகங்கள் க்ராட்டன் அருங்காட்சியகத்துல இருக்கு. இழுத்த கப்பலை யாருக்கு ஞாபகம்? அதான் இந்தப் பதிவு.