ஒன்றுவிட்ட உறவு

ஒன்றுவிட்ட உறவு என்பது தமிழர் உறவுமுறையில், பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் பிள்ளைகளோடு ஒருவருக்கு உள்ள உறவைக் குறிக்கும் வழக்கு ஆகும். இவர்கள் ஒன்றுவிட்ட அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எனப்படுவர். அத்தை, மாமன் ஆகியோரின் பிள்ளைகள் இதில் அடங்கார். அவர்கள் மைத்துனர், மைத்துனியர். பல சமூகங்களில் மணமுறை உடையோர். ஆங்கிலம் இரு சாராரையும் 'கசின்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால், ஆங்கில முறையில் வரையப்படும் குடும்ப மரங்களில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இவ்வேறுபாடு குருதி நெருக்கத்தைப் பொறுத்தது அன்று. சித்தப்பா மகளும் அத்தை மகளும் மரபியல்படி சம தொலைவினரே. இருவரோடும் ஒருவர் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறார். 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் இருவரையும் தடைசெய்யப்பட்ட உறவினராகவே கொள்கிறது. எனினும், வழக்காறு இருப்பின் அது விலக்கு அளிப்பதால் அத்தை மகள், மாமன் மகள் திருமணங்கள் செல்லுபடியாகின்றன.

முறை காணல்

உடன்பிறந்த இருவர் ஒரே பாலினராயின் அவர்களின் பிள்ளைகள் சகோதர முறையினர்; வேறு பாலினராயின் மைத்துன முறையினர். இவ்விதியையே தலைமுறைதோறும் திரும்பப் பயன்படுத்தலாம். (நிரலாளர்கள் இதனைத் தற்சுழற்சி என்பர்.) தந்தைவழிப் பாட்டனின் தம்பி மகன் தந்தைக்குச் சகோதர முறை, ஆகவே நமக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா, அவர் மகன் இரண்டுவிட்ட அண்ணன் அல்லது தம்பி. அதே பாட்டனின் தங்கை மகன் தந்தைக்கு மைத்துனன், நமக்கு மாமன், அவர் மகனோ மைத்துனன்.

தமிழின் 'ஒன்றுவிட்ட' என்பதை ஆங்கிலத்தின் 'ஒன்ஸ் ரிமூவ்டு' என்று மொழிபெயர்த்தல் பிழையாகும். அச்சொல் ஒரு தலைமுறை வேறுபாட்டைக் குறிப்பது. தந்தையின் கசினை ஆங்கிலேயர் அவ்வாறு அழைப்பர். தமிழில் அவர் சித்தப்பாவாகவோ மாமனாகவோ அமைந்துவிடுவதால் அத்தகைய சொல்லுக்குத் தேவை எழவில்லை.

அக்காள் மகளை மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் தலைமுறைக் கணக்கு சிக்கலாகிறது. அங்கு பிறக்கும் குழந்தைக்குத் தாயின் தாய் பாட்டியும் ஆவார், அத்தையும் ஆவார். குடும்ப மரம் வரைவோர் இத்தகைய இடங்களில் இரு கோடுகளையும் காட்டுதல் வேண்டும்.

வட்டார வழக்குகள்

யாழ்ப்பாணத்தில் மச்சான், மச்சாள் என்பர். பிராமணர் வழக்கில் மாமன் மகன் அம்மாஞ்சி, அத்தை மகள் அத்தங்காள். பல மாவட்டத்தார் குடியேறிய அம்பத்தூர், ஆவடி போன்ற சென்னைப் புறநகர்களில் இவற்றோடு 'கசின்' என்பதும் பேச்சுத்தமிழில் புழங்குகிறது.

ஆய்வுகள்

அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன், தென்னிந்தியாவில் பணியாற்றிய ஸ்கடர் குடும்பத்து மிசனரிகள் வழியாகத் தமிழ் உறவுச்சொற்களைப் பெற்று, 1871 இல் வெளியிட்ட தமது நூலில் சேர்த்தார். அவை அமெரிக்கச் செனக்கா பழங்குடியினரின் முறையை ஒத்திருந்ததைக் கண்ட அவர், அம்மக்கள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொண்டார். 1964 இல் பிளாய்ட் லவுன்சுபரி, இரு முறைகளும் இரண்டுவிட்ட நிலையில் பிரிந்துவிடுவதைக் காட்டினார். மேலே கூறிய பாட்டனின் தங்கை மகன் செனக்காவினருக்குத் தந்தை முறை. அவர் மகன் சகோதரன்.