சாக்ரமென்டோவின் மூன்றாம் அவை: கலிஃபோர்னிய லாபியிஸ்டுகள் எங்கிருந்து வந்தார்கள்?

அமெரிக்காவில் லாபி, அதாவது சட்டமியற்றுவோரைத் தம் வாடிக்கையாளருக்காக இணங்கவைக்கும் தொழில், என்றதும் வாஷிங்டன்தான் நினைவுக்கு வரும். ஆனால் மதுக்கடைக்கு யார் உரிமம் தருவது, லாரி எவ்வளவு பாரம் ஏற்றலாம், குதிரைப் பந்தயம் எத்தனை நாள் நடக்கலாம், விபத்தில் அடிபட்டவர் யார்மீது வழக்குப் போடலாம் என்பனவற்றைப் பெரும்பாலும் முடிவு செய்பவை மாநிலத் தலைநகரங்கள். அங்கே, சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கு அடுத்த ‘மூன்றாம் அவை’ எனப்படும் இத்தொழிலுக்கு வந்தவர்கள் முன்பு என்ன வேலை பார்த்தார்கள் என்ற கேள்வியைக் கலிஃபோர்னியாவை முன்வைத்துத் தொடர்கிறது இக்கட்டுரை. லாபியை அடக்க வந்த சீர்திருத்தங்கள் செய்த பெரிய காரியம், லாபியிஸ்டுகள் புறப்பட்டு வரும் வாசலை மாற்றியதுதான் என்பது என் வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியத் தலைநகர் சாக்ரமென்டோவில் செல்வாக்கு என்றால் அது சதர்ன் பசிஃபிக் ரயில்வே. அதன் தலைமை வழக்கறிஞர் வில்லியம் ஹெரின், கம்பெனியின் அரசியல் பிரிவையும் தாமே நடத்தினார். ரயில்வேயை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்று சொல்லி 1910இல் ஆளுநர் தேர்தலில் வென்றார் ஹைரம் ஜான்சன். 1911இல் மக்களே சட்டம் முன்மொழியும் உரிமையும் பதவியிலிருப்பவரைத் திரும்ப அழைக்கும் உரிமையும் வந்தன. 1913இல் ஒரு வேட்பாளர் பல கட்சிகளின் உள்தேர்தல்களில் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்று ஆனது. 1959 வரை இது நீடித்தது. ரயில்வேயின் பிடி தளர்ந்தது. கூடவே கட்சிகளின் பிடியும் தளர்ந்தது. கட்சி தேர்தல் செலவுக்குப் பணம் தராத இடத்தில், தரக்கூடிய வேறு ஒருவருக்கு இடம் காலியானது.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் ஆர்டி சாமிஷ். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். சட்டமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். மசோதா எந்த மேசையில் எவ்வளவு நாள் தூங்கும், யார் தட்டினால் எழும் என்பதை அந்த நாற்காலியிலிருந்தே கற்றுக்கொண்டார். பிறகு பஸ் கம்பெனிகள், மது வியாபாரிகள், பந்தய மைதானங்கள் என வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். பியர் உற்பத்தியாளர்கள் பீப்பாய்க்கு 5 சென்ட் வீதம் இவரிடம் இருந்த நிதிக்குக் கட்டினார்கள். சட்டமன்றத்துக்கு எதிரே இருந்த செனட்டர் ஹோட்டல் அறைகள்தான் தலைமையகம். இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடிய அன்றைய சட்டமன்றத்தில் உறுப்பினருக்கு மாதம் 100 டாலர் சம்பளம். உதவியாளர், ஆய்வுப் பிரிவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. இத்தனை நலிந்த சபையில் சாமிஷ் போன்றவர் தலையெடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

1938இல் விசாரணை அதிகாரி பில்பிரிக் தயாரித்த அறிக்கை, மூன்றே ஆண்டில் சாமிஷ் கைக்கு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் வந்ததாகக் கணக்குக் காட்டியது. செனட்டின் அவைக் குறிப்பேட்டில் அச்சான அவ்வறிக்கையைச் செனட்டே பிறகு நீக்கியது. தன்னைப் பற்றிய விசாரணையைத் தன் ஏட்டிலிருந்தே அழிக்கும் சபைக்கு வெளி எதிரி எதற்கு?

சாமிஷைச் சாய்த்தது அவருடைய வாய்தான். 1949இல் காலியர்ஸ் பத்திரிகைக்காக லெஸ்டர் வேலி அவரைப் பேட்டி கண்டார். மடியில் ஒரு பொம்மையை உட்காரவைத்து, அதுதான் சட்டமன்றம் என்பதுபோலப் பேசிக் காட்டி, படத்துக்கும் போஸ் கொடுத்தார் சாமிஷ். கலிஃபோர்னியா கொதித்தது. லாபியிஸ்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், வரவு செலவு காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. சாமிஷ் சிறைக்குப் போனது லஞ்சத்துக்காக அல்ல. 1953இல் அவரைக் குற்றவாளியாக்கிய வருமான வரி ஏய்ப்பு வழக்கில்தான்.

அவருக்குப் பின் வந்தவர்கள் அடக்கமானவர்கள். அவர்களில் பெரிய பெயர் ஜேம்ஸ் கரிபால்டி. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், முன்னாள் நீதிபதி. ‘ஜட்ஜ்’ என்றால் தலைநகரில் அவர்தான். எழுத்தர் அறையிலிருந்து வந்த சாமிஷிடம் பணமும் மிரட்டலும் இருந்தன. அவையின் நாற்காலியிலிருந்து வந்த கரிபால்டியிடம் பழக்கம் இருந்தது. மதிய விருந்து, சீட்டாட்டம், வேட்டை என்று அந்தப் பழக்கம் வளர்ந்தது. விருந்தின் பில்லைக் கட்டுவது லாபியிஸ்ட் என்பதை யாரும் மறைக்கவும் இல்லை.

இந்த வழக்கத்தை இரண்டு அடிகள் அசைத்தன. 1966இல் மக்கள் வாக்கெடுப்பின்மூலம் சட்டமன்றம் முழுநேரச் சபையானது. சபாநாயகர் ஜெஸ்ஸி அன்ரூவின் முயற்சியில் குழுக்களுக்குத் துறை அறிந்த பணியாளர்கள் சேர்ந்தார்கள். 1974இல் வந்த அரசியல் சீர்திருத்தச் சட்டம், ஒரு லாபியிஸ்ட் ஓர் அதிகாரிக்கு மாதம் 10 டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றது. விருந்து மூலம் நட்பு வளர்ப்பது அதோடு சுருங்கியது. நீர்ப் பாசனமோ காப்பீடோ, விஷயம் தெரிந்து பேசத் தெரியாதவருக்கு இனி குழு அறையில் வேலை இல்லை.

உணவு மேசை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 1987 செப்டம்பரில், தலைநகரின் பழைய சீன உணவகமான ஃபிராங்க் ஃபாட்ஸில் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், காப்பீட்டு நிறுவனங்கள், உற்பத்தியாளர்கள் ஆகியோரின் லாபியிஸ்டுகள் உட்கார்ந்து, இழப்பீட்டு வழக்குச் சட்டத்தை எப்படித் திருத்துவது என்று ராசியானார்கள். செனட்டர் பில் லாக்யர் அதை ஒரு துணி நாப்கினில் எழுதினார். அந்த உடன்பாட்டின்படி வந்த சட்டம் சிகரெட் கம்பெனிகளுக்குத் தந்த பாதுகாப்பை நீக்கப் பத்தாண்டு ஆயிற்று.

சில ஆண்டுகளில், லஞ்சத்தைப் பிடிக்க எஃப்பிஐ விரித்த வலையில் மாநிலச் செனட்டர்கள் சிக்கினார்கள். அந்த வழக்குகளின் தொடர்ச்சியில், நகரின் மிகச் செல்வாக்கான காப்பீட்டு லாபியிஸ்ட் கிளே ஜாக்சனும் 1993இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. இதற்கிடையே 1990இல், பதவி விலகியவர் ஓராண்டுக்கு லாபி செய்யக் கூடாது என்ற விதி வந்தது. அதே ஆண்டு வாக்காளர்கள், பதவிக்கால வரம்பு விதிக்கும் 140ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். கீழவையில் ஆறு ஆண்டு, செனட்டில் எட்டு ஆண்டு; அதற்குமேல் வாழ்நாள் தடை. சபையின் செலவிலும் சுமார் 38 சதவீதம் வெட்டு.

என் கணிப்பில் இத்தொழிலின் வரலாற்றில் ஆகப்பெரிய திருப்பம் இதுதான். வாக்காளர்கள் எதிர்பார்த்தது, தொழில்முறை அரசியல்வாதி போய்ச் சாதாரணக் குடிமகன் வருவான் என்று. வந்தவர்களில் பலர் நகராட்சிகளிலிருந்து வந்த அரசியல்வாதிகளே. புரூஸ் கெய்னும் தாட் கௌசரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, குழுக்கள் மசோதாக்களை முன்போல வடிகட்டுவதில்லை என்று காட்டியது. வடிகட்டத் தெரிந்த பணியாளர்கள்? செலவு வெட்டில் பலர் வெளியேறினார்கள். சட்டத்தின் பழைய கதை தெரிந்தவருக்கு வெளியே நல்ல விலை இருந்தது. ஓராண்டுத் தடை உறுப்பினர்களுக்குத்தான். அவர்களுடைய பணியாளர்களுக்கு இல்லை. குழு ஆலோசகர் வெள்ளிக்கிழமை விலகித் திங்கட்கிழமை அதே அறைக்கு லாபியிஸ்டாக வரலாம். ஆறு ஆண்டில் போய்விடும் உறுப்பினருக்கு, இருபது ஆண்டு கண்ட லாபியிஸ்டே ஆசிரியர் என்று ஆனது.

உறுப்பினர்களும் வழி கண்டார்கள். பதிவு செய்யாமல் ‘ஆலோசகர்’ என்று பெயர் வைத்துக்கொண்டால் தடை தொடாது. கீழவை உறுப்பினர் ஹென்றி பெரேயா பதவிக்காலம் ஓராண்டு மீதமிருக்கையில் 2015 இறுதியில் விலகி மருந்து நிறுவனங்களின் சங்கத்தில் சேர்ந்தார். இடையில் விலகுவோருக்குத் தடைக் காலத்தை நீட்டும் சட்டம் 2017இல் வந்தது. 2012இலேயே பதவி வரம்பு மொத்தம் 12 ஆண்டு, அதை முழுவதும் ஒரே அவையில் கழிக்கலாம் என்று மாற்றப்பட்டிருந்தது. இதற்கிடையே லாபிச் செலவு ஆண்டுக்கு 40 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

உறுப்பினர்மீது விதிக்கப்படும் தடைகளை அலசுவதைவிட, பணியாளர்களின் சம்பளத்தைக் கவனிப்பது பயனுள்ளது என்று தோன்றுகிறது. சட்டமன்றப் பணியாளர்கள் தொழிற்சங்கம் அமைக்க உரிமை தரும் சட்டம் 2023இல் கையெழுத்தானது. 2026 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வருமாறு எழுதப்பட்டது. நல்ல குழு ஆலோசகரைச் சபையே தக்கவைத்துக்கொள்ளுமானால், லாபி நிறுவனங்கள் அடுத்த ஆளை எங்கே தேடும் என்பதை அடுத்த ஆய்வாளர்தான் பதிவேடுகளைப் புரட்டிச் சொல்ல வேண்டும்.