இருபத்தெட்டாம் நாளுக்கு முன்

யாழ்ப்பாணத்திலே பிள்ளைப்பேற்று மருத்துவத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் 1857ஆம் ஆண்டிலே சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டுப் பிள்ளைப்பேற்று நூலொன்றைத் தமிழாக்கிப் ‘பிரசவ வைத்தியம்’ என்னும் பெயரில் வெளிக்கொணர்ந்தது அவ்வாண்டிலேயாகும். 1847இல் இலங்கைக்கு வந்த கிறீன் மறு ஆண்டிலே மானிப்பாயில் தமது வைத்தியப் பணியையும் போதனையையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்த அவர், 1864ஆம் ஆண்டளவில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் வழியாகக் கற்றவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவதையும், தமிழிலே கற்பவர்கள் தம் மக்களிடையே தங்கித் தொண்டு புரிவார்கள் என்பதையும் அவர் கண்டுகொண்டார். தமிழ்மொழிப் பற்று ஒருபுறமிருக்க, அறிவு யாருக்குத் தேவையோ அவர்களிடம் சென்று சேரவேண்டும் என்ற கணக்கும் இம்மாற்றத்தின் பின்னே இருந்தது.

கிறீனுக்கு முன்னர் நம்மிடையே மருத்துவம் இருக்கவில்லை என்று கூறுவது வரலாற்றைத் திரிப்பதாகும். யாழ்ப்பாண மன்னர் காலத்ததாகக் கருதப்படும் ‘பரராசசேகரம்’ என்னும் வைத்திய நூலிலே கெர்ப்ப ரோகத்திற்கும் பால ரோகத்திற்கும் தனிப் பகுதிகள் உள்ளன. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அந்நூலைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றி அழியாது காத்தார். ஊர்தோறும் மருத்துவிச்சிகள் இருந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஏந்திய அவர்களது கைகளின் அனுபவம் இகழத்தக்கதன்று. ஆயினும், மண்டையோடும் மூளையும் வளராத சிசுவோ முதுகுத்தண்டு பிளந்த சிசுவோ பிறந்த வீட்டிலே அந்த அனுபவத்தால் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. சொல்லப்பட்டவையெல்லாம் பழிகளே. கிரகண வேளையில் அவள் வெளியே வந்தாள் என்றனர், முன்வினை என்றனர், குலசாபம் என்றனர். எந்த விளக்கமாயினும் அது ஈற்றிலே பெற்றவளின் தலையிலேயே வந்து விழுந்தது. பிள்ளையை இழந்தவள் மானத்தையும் இழந்தாள்.

இக்குறை எவ்வாறு நேர்கிறது என்பதை இன்றைய விஞ்ஞானம் தெளிவாக அறியும். கருவின் முதுகுப்புறத்தே தட்டையாக இருக்கும் ஓர் இழையம் இரு ஓரங்களும் மடிந்து பொருந்திக் குழாயாகிறது. அதுவே நரம்புக் குழாய். அதன் மேற்பகுதி மூளையாகவும் எஞ்சிய பகுதி முண்ணாணாகவும் வளர்கின்றன. மேல்முனை மூடாதுவிடின் மூளையின்மை. கீழ்ப்பகுதி மூடாதுவிடின் முதுகுத்தண்டுப் பிளவு. கருத்தரித்து ஏறக்குறைய இருபத்தெட்டு நாளுக்குள் இந்த மூடுதல் நிறைவெய்திவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு கிழமையோ இரு கிழமையோ சென்று, ‘இருக்குமோ’ என்று ஒரு பெண் ஐயுறும் வேளையிலேயே அந்த இருபத்தெட்டு நாள் கழிந்துவிடுகின்றது. அவள் கிளினிக்குக்கு முதன்முறை போகும்போது குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாதேயிருக்கும்.

ஆகவே இந்த வரலாற்றிலே நாம் கேட்கவேண்டிய கேள்வி, விஞ்ஞானம் எதைக் கண்டுபிடித்தது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. கண்டுபிடித்தது தாயிடம் எப்பொழுது வந்து சேர்ந்தது என்பதே தலையாய கேள்வி.

*

இக்குறையைத் தடுக்கும் மருந்தின் கதை, வெள்ளை உடுப்பும் கண்ணாடிக் குழாயும் நிறைந்த ஆய்வுகூடத்திலே தொடங்கவில்லை. பம்பாயின் நெசவாலைத் தொழிலாளப் பெண்களின் வெளிறிய முகங்களிலே அது தொடங்கிற்று. 1928ஆம் ஆண்டிலே லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் அங்கு வந்தார். கர்ப்ப காலத்திலே பெண்கள் கொடிய இரத்தச்சோகையால் மடிவதன் காரணத்தை அறிவது அவர் நோக்கம். வறிய உணவே காரணமெனக் கண்ட அவர், குன்னூரில் இருந்த பாஸ்டர் நிறுவகத்திலும், பின்னர் 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலே மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என வழங்கும் பெண்கள் வைத்தியசாலையிலும் தம் ஆய்வைத் தொடர்ந்தார். மலிவான ‘மார்மைற்’ என்னும் நொதிச்சாறு அந்த நோயைத் தீர்ப்பதை அவர் அவ்வாண்டிலேயே வெளிப்படுத்தினார். அதிலுள்ள பொருள் இன்னதென்று அப்போது எவருக்கும் தெரியாது. நெடுங்காலம் அது ‘வில்ஸ் காரணி’ என்றே அழைக்கப்பட்டது.

அந்த மார்மைற் விரைவில் இலங்கைக்கும் வந்தது. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், கொயினா மட்டும் போதாது, பசியால் நலிந்த உடலுக்கு உணவு வேண்டும் என்பதை நேரிற் கண்டனர். அவர்கள் மார்மைற்றை மக்களுக்கு வழங்கினர். பருப்புப் பங்கிட்டமையால் என். எம். பெரேரா ‘பருப்பு மாத்தையா’ எனப் பெயர் பெற்றதும் அக்காலத்திலேயே. நோயின் வேர் வறுமையிலே உள்ளது என்பதை அந்த இளைஞர்கள் நூல்களிற் படித்ததைவிடக் கிராமத்துக் குடிசைகளிலேயே அதிகம் படித்தனர்.

1941ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நான்கு தொன் கீரையை வடித்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு அதற்குப் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆய்வுகூடத்திலே அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்திலே பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் அவர். கதர் உடுத்தமைக்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, உரிய பட்டம் கிடைக்காமல் கடல்கடந்து போனவர். உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்த அந்த மனிதர் 1948இல் மறைந்தார். தாம் ஆக்கிய மஞ்சள்நிறத் தூள் பிறவாத குழந்தைகளின் முதுகெலும்பைக் காக்கும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

அவ்வுண்மை மெல்ல மெல்லவே வெளிப்பட்டது. 1965இல் ஹிபார்ட், ஸ்மித்தெல்ஸ் என்னும் இருவர் போலிக் அமிலக் குறைவுக்கும் இப்பிறவிக் குறைகளுக்கும் தொடர்பு இருக்கலாமென எழுதினர். ஏழு நாடுகளில் முப்பத்துமூன்று நிலையங்களில் நடந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1991இல் ஐயத்தை முற்றாகத் தீர்த்தது. முன்னர் இவ்வாறான பிள்ளையைக் கருவுற்ற பெண்கள், அடுத்த கருத்தரிப்புக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் உட்கொண்டபோது, குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு எழுபத்திரண்டு வீதம் குறைந்தது. மறு ஆண்டில் ஹங்கேரி நாட்டு ஆய்வொன்று, முதன்முறை கருவுறும் பெண்களுக்கும் இப்பாதுகாப்பு உண்டென நிறுவிற்று. பரம்பரை, நீரிழிவு, வலிப்புக்கு வழங்கும் சில மருந்துகள் முதலியனவும் இக்குறைக்குக் காரணமாகலாம். எல்லாவற்றையும் ஒரு குளிகை தடுத்துவிடாது. ஆயினும் பெரும்பகுதியைத் தடுக்கவல்ல அக்குளிகை மிக மலிவானது.

*

தடுப்பு இவ்வாறு வளர்ந்துவர, கண்டறியும் முறைகள் வேறொரு வழியில் வளர்ந்தன. கிளாஸ்கோ நகரிலே இயன் டொனால்ட் 1958ஆம் ஆண்டில் ஒலியலைகளைக்கொண்டு கருப்பையைப் படம்பிடித்துக் காட்டினார். 1972இல் ஸ்ருவேட் கம்பெல் அம்முறையால் மூளையற்ற சிசுவைக் கருவிலேயே கண்டறிந்தார். அதே ஆண்டில் எடின்பரோவில் புரொக், சட்கிளிவ் ஆகியோர், குழாய் மூடாத சிசுவைச் சூழ்ந்த நீரிலே ஆல்பா பீற்றோ புரதம் மிகுந்திருப்பதைக் கண்டனர். அப்புரதம் தாயின் இரத்தத்திலும் கலப்பதால், பதினாறாம் கிழமையளவில் சிறிது இரத்தம் எடுத்தே ஐயத்தை எழுப்பிக்கொள்ள முடியும் என்பது 1977ஆம் ஆண்டுப் பிரித்தானியக் கூட்டாய்வால் உறுதியாயிற்று. இன்று இருபதாம் கிழமையளவில் செய்யப்படும் ஸ்கான் பரிசோதனை முதுகுத்தண்டின் ஒவ்வொரு கணுவையும் காட்டுகிறது.

நமது குடாநாட்டுக்கு இவை எவ்வாறு வந்தன? அடித்தளம் வலிதாகவே இருந்தது. 1850இல் அரசாங்க அதிபர் டைக் தொடக்கிவைத்த வைத்தியசாலையே பின்னர் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியாயிற்று. 1898இல் இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. ஆண் வைத்தியர்முன் வரக் கூசி வீட்டிலேயே மடிந்த பெண்களுக்கு அது ஒரு புகலிடம். 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் பரவி, ஊர்தோறும் வீடு தேடிவரும் குடும்பநல மாதுவை நமக்குத் தந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் தோன்றிற்று.

ஆனால் 1991ஆம் ஆண்டிலே, உலகம் போலிக் அமிலத்தின் பெருமையை உறுதியாக அறிந்துகொண்ட அந்த ஆண்டிலே, யாழ்ப்பாணம் இருளிற் கிடந்தது. முந்திய ஆண்டிலிருந்து மின்சாரமில்லை. பொருளாதாரத் தடை சீமெந்தையும் மண்ணெண்ணெயையும் மட்டும் தடுக்கவில்லை. மருந்துகளின் வரவையும் நெருக்கிற்று. பெரியாஸ்பத்திரி சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பிலே இயங்கவேண்டியதாயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அந்த மழையிலே கர்ப்பிணிகளும் நடந்தனர். மாதத்திற்கொரு பரிசோதனை என்ற ஒழுங்கு, சோற்றுக்கே வழியற்ற அகதி முகாமிலே எங்ஙனம் நிலைக்கும்? யுத்தம் கொன்றவர்களை ஒருவாறு எண்ணிவிடலாம். கர்ப்பத்திலே சேரவேண்டிய ஊட்டமும் மருந்தும் சேராமையால் வந்த இழப்பை எந்த விசாரணைக் குழு எண்ணப்போகிறது?

*

யுத்தம் 2009இல் முடிந்தது. இன்று குடாநாட்டிலே ஸ்கான் இயந்திரங்கள் உள்ளன. தனியார் நிலையங்களின் விளம்பரப் பலகைகளும் உள்ளன. வசதி வந்துவிட்டது என மகிழ்வோரை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஸ்கான் நோயைக் காட்டுகிறது. தடுக்கவில்லை என்பதை மறத்தலாகாது. இருபதாம் கிழமையில் கண்ட குறை, நான்காம் கிழமையிலே நிகழ்ந்து முடிந்தது. அந்த வேளையிலே வைத்தியர் கூறும் செய்தி ஒரு தாயின் தலையிலே இடியாக விழுகிறது. அவளுக்குப் புரியும் தமிழிலே, பொறுமையோடு, பழி சுமத்தாது விளக்குவார் உண்டா? முதுகுத்தண்டுப் பிளவிலே பல தரங்கள் உண்டு. சத்திரசிகிச்சையும் பராமரிப்பும் பெற்றுப் படித்து வாழும் பிள்ளைகள் உலகெங்கும் உளர் என்று அவளுக்கு எடுத்துரைப்பார் உண்டா? சிசு பிழைக்கவே வழியில்லாத மூளையின்மையாயின், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. அதனைத் தளர்த்த 1995இல் எடுக்கப்பட்ட முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் மீண்டும் எழுந்த யோசனையும் எதிர்ப்பினால் நின்றுபோயிற்று. பிழைக்காது என்று தெரிந்த சிசுவை மாதக்கணக்கில் சுமக்கும்படி பணிக்கும் சட்டத்தை, அதைச் சுமப்பவளைக் கேளாமலே, நூறாண்டுக்கு மேலாக ஆண்கள் காத்து வருகின்றனர். அறியும் கருவி இருபதாம் நூற்றாண்டினது. அறிந்தபின் அவள் நிற்கும் நீதிமன்றமோ விக்டோரியா மகாராணியினது!

ஆகவேதான் இருபத்தெட்டாம் நாளுக்கு முந்திய காலத்தை நாம் வலியுறுத்துகின்றோம். மணமுடித்தோரைக் கர்ப்பத்திற்கு முன்னரே பதிந்து, பெண்ணுக்குப் போலிக் அமிலம் வழங்கும் ஏற்பாடு நமது பொதுச் சுகாதாரத் துறையிலே உண்டு. அது நல்ல ஏற்பாடு. அதைப் பெறவேண்டியவள் யார்? வெங்காயத் தோட்டத்திலே நாட்கூலிக்கு நிற்பவள். கரையிலே மீன் வகிர்பவள். புடைவைக் கடையிலே காலைமுதல் இரவுவரை இருக்கமுடியாது நிற்பவள். அரை நாள் சம்பளத்தை இழந்து கிளினிக்குக்குப் போகும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வரும்? பிள்ளை உண்டாகுமுன் மருந்து எதற்கு என்று மாமியார் கேட்கும்போது விடை சொல்லும் அறிவை எந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குத் தந்தது? முருங்கையிலையும் பயறும் பருப்பும் போலிக் அமிலத்தை உடையன; ஆனால் நெடுநேரம் அவித்து, நீரையும் வடித்துக் கொட்டினால் அதன் பெரும்பகுதி போய்விடும். இதைச் சொல்ல ஒரு துண்டுப்பிரசுரம் போதும். அமெரிக்கா 1998ஆம் ஆண்டு முதல் தானிய மாவிலேயே இதனைச் சேர்க்கும்படி சட்டம் செய்தது. பல நாடுகள் பின்பற்றின. கோதுமை மாப் பிட்டும் பாணும் அன்றாட உணவாகிவிட்ட நமது ஊர்களிலும் இக்கேள்வி எழவேண்டும்.

பம்பாய்த் தொழிலாளப் பெண்ணின் இரத்தத்திலிருந்து கிடைத்த அறிவு உலகத்தைச் சுற்றிவந்தது. அவளுடைய வர்க்கத்துப் பெண்ணின் வாசலுக்குத்தான் அது இன்னும் பிந்தியே வருகிறது. அறிவு ஊரிலே தங்கவேண்டுமானால் ஊரின் மொழியிலே வரவேண்டுமென்று கிறீன் கண்டார். அது வேளையோடும் வரவேண்டும் என்பதை நாம் சேர்த்துக்கொள்வோம். குடும்பநல மாதுவின் பை, பாடசாலையின் மேல்வகுப்பு, மாதர் சங்கத்தின் கூட்டம், தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியல் ஆகிய நான்கிலும் அந்தச் சிறு குளிகைக்கு இடம் கிடைக்கட்டும். கிரகணத்தையும் வினையையும் காட்டிப் பெண்ணைப் பழித்த காலம் அத்துடன் முடியும்.