தொம்பையும் ரேஷன் கடையும்: கல்வராயன் மலையின் வாய்மொழி உணவு வரலாறு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அதன் கள்ளக்குறிச்சிப் பகுதி முன்பு தென்னார்க்காட்டிலும், 1993 முதல் விழுப்புரத்திலும் இருந்து, 2019-இல் உருவான புதிய மாவட்டத்தோடு சேர்ந்தது. இங்கு பெரும்பான்மையாக வாழ்வோர், கேரளத்தாரோடு பெயரொற்றுமை மட்டுமே உடைய, தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகள் பதிவு செய்துள்ளன. மலையேறிய கதையைக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள், ஏறியவர்கள் என்ன சமைத்தார்கள் என்பதை அவ்வளவு அக்கறையோடு கேட்கவில்லை.

இந்தக் குறைக்குக் காரணம் உண்டு. காலனிய காலத்து மாவட்ட விவரச்சுவடிகள், 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காட்டுச் சுவடி உட்பட, ஆட்சியாளர் பயன்பாட்டுக்காக எழுதப்பட்டவையாதலால், நிலம், வரி, காடு ஆகியவற்றுக்குக் கிடைத்த இடம் அடுப்படிக்குக் கிடைக்கவில்லை. மேலும், இம்மலை நெடுங்காலம் ஜாகிர்களாக, அதாவது வரி தண்டும் உரிமை பரம்பரைத் தலைவர்களிடம் விடப்பட்ட பகுதிகளாக இருந்து, 1976-இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய உணவு வாழ்வை அறிய விரும்புவோருக்கு முதியோரின் நினைவே முதன்மைச் சான்று. அவர்களுள்ளும் குத்தியும் புடைத்தும் சமைத்தும் வாழ்ந்த பெண்களின் நினைவு ஆண்களின் நினைவைவிட நுட்பமானது.

அந்த நினைவின் நடுவில் நிற்பவை சாமை, தினை, கேழ்வரகு ஆகிய தானியங்களும், அவற்றோடு பயிரிடப்பட்ட அவரை, மொச்சை, துவரை, கொள்ளு ஆகியனவும் ஆகும். மானாவாரியாக, அதாவது மழையை மட்டும் நம்பி விளைவித்த தானியம், மூங்கிலால் பின்னிச் சாணமிட்டு மெழுகிய தொம்பை என்னும் குதிரில் சேர்க்கப்பட்டு, வேண்டும்போது உரலில் குத்தப்பட்டுச் சோறாகவும், திருகையில் அரைக்கப்பட்டுக் களியாகவும் கூழாகவும் ஆயிற்று. சாமையின் உமி எளிதில் நீங்காது. ஒரு வேளைச் சோற்றுக்குப் பின்னே பெண்ணின் நீண்ட நேர உழைப்பு இருந்தது. இன்று சிறுதானியத்தைப் போற்றி எழுதுவோர் பலர் இந்த உழைப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையான வரலாறு ஆகாது.

விளைந்தபோது உண்டதைவிட, தொம்பை வெறுமையான மழை மாதங்களில் உண்டதே வாய்மொழி வரலாற்றின் அரிய பகுதி. அப்போது காட்டுக் கீரைகளும், கவலை, நூறை போன்ற வள்ளிக் கிழங்குகளும் பசி தீர்த்தன. காட்டுக் கிழங்குகளுள் சிலவற்றை நீர் மாற்றி மீண்டும் மீண்டும் வேகவைத்துக் கசப்பை நீக்கினாலன்றி உண்ண இயலாது. எந்தக் கிழங்கை எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில் தோண்ட வேண்டும் என்பது தேர்ந்த அறிவாக இருந்தும், அது வறுமையின் அடையாளமாகக் கருதப்படுவதால், அயலாரிடம் அதைச் சொல்ல முதியோர் கூசுகின்றனர். திருவிழா உணவை மட்டும் கேட்டுத் திரும்பும் தொகுப்பாளர் பாதி வரலாற்றையே கொண்டுவருகிறார்.

உணவு மாறிய வகையும் பதிவுக்குரியது. சேலம், ஆத்தூர்ப் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் விலை கொடுத்து வாங்கியதால் மரவள்ளி பணப்பயிராக மலையேறியது. மலையாளிகளே வாழும் கொல்லிமலையிலும் இவ்வாறே மரவள்ளி பெருகிச் சிறுதானியப் பரப்பு சுருங்கியதை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்ததோடு, உமி நீக்கும் பொறிகளையும் ஊர்களுக்குக் கொண்டு சென்றது. நியாயவிலைக் கடை அரிசி, அதிலும் 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைத்த அரிசி, உலக்கையின் வேலையைக் குறைத்துப் பசி மாதங்களின் கொடுமையைத் தணித்தது. இதை இழப்பாக மட்டும் எழுதுவது அம்மக்களுக்குச் செய்யும் அநீதி.

முதியோர் ஆண்டுக் கணக்கில் பேசுவதில்லை. ஜாகிர் போனது, ரோடு வந்தது, மரவள்ளி வைத்தது, ரேஷன் அரிசி வந்தது என்னும் நிகழ்வுகளே அவர்களுக்குக் காலக்குறிகளாதலால், கேள்விகளையும் அவற்றைக் கொண்டே அமைக்க வேண்டும். கேட்பதில் தடைகளும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபின், கல்வராயன் மலை செய்திகளில் சாராயத்தோடு சேர்த்தே பேசப்பட்டது. எதைக் காய்ச்சினீர்கள், எதை உண்டீர்கள் என்று வினவும் அந்நியரை மக்கள் ஐயுறுவது இயல்பே. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபின் வேட்டை குற்றமானதால், வேட்டைக் கறி பற்றிய நினைவுகளைச் சொன்னவரின் பெயரையும் ஊரையும் மறைத்தே வெளியிட வேண்டும்.

இத்தகைய திரட்டலுக்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் 1930-களின் இறுதியில் அரசின் எழுத்தாளர் திட்டம் வட்டார உணவு வழக்கங்களைத் திரட்டத் தொடங்கி, இரண்டாம் உலகப் போரால் நூலாக முடியாமல் நின்றது. எனினும் திரட்டிய குறிப்புகள் காப்பகங்களில் எஞ்சியதால் பிற்காலத்தார் அவற்றை நூலாக்க முடிந்தது. ஆனால் இங்கே காத்திருக்கக் காலம் இல்லை: கல்வராயன் மலையில் ஜாகிர் முடிந்தபோது இருபது வயதாயிருந்த பெண் இன்று எழுபதை ஒட்டியவர். மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள், மலையாளிச் சமூகத்து மாணவர்களையே முன்னிறுத்தி இப்பதிவுகளை உடனே தொடங்க வேண்டும். ஒலிப்பதிவுகளின் ஒரு படி மலைமேலுள்ள வெள்ளிமலை ஊரிலும் வைக்கப்பட வேண்டும்.