பனையேறியின் கருவிகள்: நம் வேம்பார்ப் பனங்காட்டின் கதை



கனடாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், இங்கே மேப்பிள் மரத்தில் துளை போட்டு பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிடுகிறார்கள். சாறு தானாகவே காய்ச்சும் கொட்டகைக்கு ஓடி வந்துவிடுகிறது. நம்ம ஊர்ப் பனைக்கும் இப்படிக் குழாய் போட்டால் யாரும் மரத்திலிருந்து விழ வேண்டாமே?" நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் மேப்பிள். அங்கேயும் ஒரு காலத்தில் மரத்துக்கு மரம் வாளி கட்டி, பனியில் நடந்து சாறு சேகரித்தார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து நெல்சன் கிரிக்ஸ் 1959இல் குழாய் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் அந்த வேலைக்கென்றே கைக்கருவிகள் வந்தன. குழாயின் இரண்டு முனையையும் கவ்விப் பிடித்து இணைப்பானில் செருகும் இடுக்கி அவற்றுள் முக்கியமானது. குளிரில் விறைத்த விரலுக்கு அது வசதியாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்களாம். அந்தச் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும்.

நம் பதநீரில் அதைப்போலப் பல மடங்கு இனிப்பு. ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் காய்ச்சினாலே 1 கிலோ கருப்பட்டி தேறும். ஆனால் பனையின் தண்டில் துளை போட்டால் பதநீர் வராது. அது உச்சியில் இருக்கும் பாளையிலிருந்து சொட்டுவது. பாளையை முதலில் சில நாள் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். பிறகு காலையும் மாலையும் நுனியை மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டு வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒரே பனையில் பல பாளை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்குவத்தில் இருக்கும். குழாயால் சாற்றைக் கீழே இறக்கலாம், பாளையைச் சீவ முடியாது. அதனால்தான் இங்கே எல்லாம் கைக்கருவியிலும் அதைப் பிடித்த கையிலும் நிற்கிறது.

அந்தக் கருவிகளைப் பனையேறிகள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே ஒரு பாடம். அரிவாள் இரண்டு வகை. மட்டை கழிக்கக் கனமானது ஒன்று, பாளை சீவ மெல்லியது ஒன்று. பாளை அரிவாளால் வேறு எதையும் வெட்ட மாட்டார்கள். வாயில் ஒரு சிறு பல் விழுந்தாலும் பாளை பிய்ந்து சாறு நின்றுவிடும். பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித் தீட்டுவார்கள். தடியாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆக, அரிவாளின் கூர்மைதான் அந்த வீட்டுக்கு எத்தனை நாள் வருமானம் என்பதை முடிவு செய்தது.

இடுக்கியும் அப்படித்தான். ஆண்பனைப் பாளை விரல் விரலாக இருக்கும், பெண்பனைப் பாளையில் குரும்பை இருக்கும். இரண்டுக்கும் ஒரே இடுக்கி சரிவராது. காலில் மாட்டும் நார் வளையம் ஏறுபவரின் காலுக்கு அளவாக இருக்க வேண்டும். அடுத்தவர் நாரை இரவல் வாங்கி ஏறக் கூடாது. அடிமரம் பருத்திருப்பதால் முதலில் கால் வைத்து ஏற முறுக்குத்தடி. இடுப்பில் அருவாப்பெட்டி. அது இருந்தால்தான் இரண்டு கையும் மரத்தைப் பிடிக்கும், அரிவாள் உடம்பில் படாது. இவற்றில் எதையும் கடையில் ஒரே அளவில் வாங்க முடியாது. கொல்லரிடமும் தச்சரிடமும் சொல்லிச் செய்வது, அல்லது தானே முடைவது.

இவை சாதாரணப் பொருள்கள் என்று நினைக்காதீர்கள். அரசர்கள் இவற்றை எண்ணியிருக்கிறார்கள். கி.பி. 849இல் கொல்லத்துத் தேவாலயம் ஒன்றுக்கு அய்யனடிகள் திருவடிகள் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் தளைக்காணம், ஏணிக்காணம் என்ற வரிகள் வருகின்றன. மரம் ஏறும் கால்தளைக்கும் ஏணிக்கும் போட்ட வரி என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். அந்தத் தேவாலய நிலத்துக் குடிகளுக்கு அவை நீக்கப்பட்டன. நீக்கினார்கள் என்றால், மற்றவர்களிடம் வாங்கினார்கள் என்றுதானே பொருள்! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கயிற்று வளையம் அரசாங்கக் கணக்கில் ஏறியிருக்கிறது.

பிற்காலத்தில் சட்டம் வேறொரு பொருளைப் பிடித்துக்கொண்டது. அது சுண்ணாம்பு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அதன்பின் ஒரு விரல் சுண்ணாம்புதான் பனையேறியைத் தொழிலாளி என்றும் குற்றவாளி என்றும் பிரித்தது.

நம் வேம்பார் முத்துக்குளித்துறையின் ஏழு துறைகளில் ஒன்று என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வோம். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் இன்னொரு வேம்பார் தெரியும். பனங்காடும், விடிலிப் புகையும், சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியும். பருவம் தொடங்கினால் குடும்பமே விடிலிக்குப் போய்விடும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வரிசையாக 'ஆ' போடுவேன். அப்பா மேலே, அம்மா அடுப்படியில், பிள்ளை சுள்ளி பொறுக்கும். அந்தப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களைப் பார்த்தவர்கள் எவரும் "மகனே, நீயும் ஏறு" என்று சொல்ல மாட்டார்கள்.

இயந்திரம் இல்லையா என்று கேட்பீர்கள். கேரளத்துச் செம்பேரி ஜோசப் செய்த தென்னை ஏறும் கருவி நாடெங்கும் பரவியது. அதைப் போலப் பனைக்கும் செய்து பார்த்தார்கள். நல்ல பனையேறும் கருவிக்குத் தமிழ்நாடு அரசு விருதும் அறிவித்தது. தென்னையில் எப்போதாவது ஏறிக் காய் பறித்தால் போதும். பனையிலோ ஒரே காலையில் முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் கருவியைக் கழற்றி மாட்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். ஆனாலும் இந்த முயற்சி நிற்கக் கூடாது. விழாமல் ஏற ஒரு வழி வந்தால் அதைக் கைகூப்பி வரவேற்பேன். அப்போதும் உச்சிக்குப் போனபின் அந்த மெல்லிய அரிவாளும் பழகிய மணிக்கட்டும் வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும்.

பனை 1978 முதல் நம் மாநில மரம். மரத்தை வெட்டாமல் காக்க விதி இருக்கிறது, விதை ஊன்ற ஆர்வமுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். இன்று ஊன்றும் விதை பாளை விட 15, 20 ஆண்டு ஆகும். அன்றைக்கு இந்த அரிவாளை அடித்துக் கொடுக்கத் தெரிந்த கொல்லர் எங்கே இருப்பார்?

பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பாளை அரிவாளோ இடுக்கியோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அதைக் கையில் கொடுத்து, பெயர் என்ன, எந்த மரத்தில் செய்தது, எப்படிப் பிடிப்பது என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் பிடித்துக் காட்டுவதை போனில் படமாகவும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கருப்பட்டி வாங்கும்போது விலையைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். சீனி கலக்காத கருப்பட்டி மலிவாகக் கிடைக்காது.

எல்லோரும் நலமாக இருங்கள்.